ஒருவர் குறைந்தார், ஒருவர் கூடவில்லை

அமைச்சர் இறந்தால் 'காலமானார்'. அமைச்சரின் மாமியார் இறந்தால் 'இறைபதம் எய்தினார்'. பஸ்ஸில் அடிபட்டவர் 'பலி'. கிணற்றில் கிடந்தவர் 'சடலமாக மீட்பு'. வைத்தியசாலையில் சில நாள் இழுத்துக் கிடந்தவர் 'சிகிச்சை பலனின்றி உயிரிழப்பு'. இது எங்கும் எழுதிவைத்த சட்டமல்ல. செய்தி மேசைக்கு வந்து ஆறேழு மாதம் போனால் கைக்குத் தானாகப் பழகிவிடும். எனக்குப் பழகி இருபது வருடத்துக்கு மேலாகிறது. கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனையிலுள்ள பத்திரிகை அலுவலகத்துக்குப் பின்னேரம் பஸ் ஏறி, பிறர் சாவுக்குப் பொருத்தமான வினைமுற்றுத் தேடிக் கொடுத்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து புட்டுச் சாப்பிடுகிற மனிதன் நான். இதைத் தொழில் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். பெண்ணும் தந்தார்கள்.

'பலி' என்ற சொல்லில் எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் உறுத்தல் இருந்தது. பலி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும், வாங்குபவர் ஒருவர் வேண்டும், கொடுத்ததற்குப் பதிலாக ஏதோ ஒரு நன்மை வந்து சேர வேண்டும். நடுவில் நிற்கிற ஆட்டுக்கு மட்டும்தான் விஷயம் தெரியாது. எங்கள் தலைப்புகளிலோ ஆடு மாத்திரம் இருக்கும். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. ஆசிரியர் கூட்டத்தில் ஒருமுறை இதைச் சொன்னேன். 'பலி' இரண்டு எழுத்து, 'உயிரிழப்பு' ஆறு எழுத்து, தலைப்பில் இடமில்லை என்றார் ஆசிரியர். அதற்குமேல் தத்துவம் ஓடவில்லை.

'உயர்வு' என்பதும் அப்படித்தான். தேங்காய் விலை உயர்வு, பலி எண்ணிக்கை உயர்வு. ஒருநாள் இரண்டும் ஒரே பக்கத்தில் அருகருகே வந்துவிட்டன. காலையில் ஒரு வாசகர் கோபமாகத் தொலைபேசி எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். தேங்காய் விலையைப் பிழையாகப் போட்டுவிட்டோமாம்.

அந்தக் காலத்தில் எனக்கு இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. கோபம் வருவதற்கு அத்தான் சாக வேண்டியிருந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கொட்டாஞ்சேனையில் பிறந்த கத்தோலிக்கர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒட்டிக்கொண்ட சைவக் குடும்பம். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையில் ஓடுவது ஒரு பஸ்தான். எங்கள் சொந்தக்காரரின் கணிப்பில் ஒரு சமுத்திரம். அக்கா அந்தச் சமுத்திரத்தைத் தாண்டிப்போய் அவரைக் கட்டினாள். துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்க்கிற வேலை அவருக்கு. கப்பலிலிருந்து எத்தனை பெட்டி இறங்கியது, களஞ்சியத்துக்குள் எத்தனை போனது என்று வெயிலில் நின்று புள்ளி போடுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு மட்டக்குளியில் களனி ஆற்றுப் பக்கமாக, ஒரு ஒழுங்கையின் கடைசியில், சிறிய வீடொன்றில் இருவரும் இருந்தார்கள். பொழுதுபட்டால் கொஞ்சம் சாராயம் எடுப்பார், பிறகு பாடுவார். அக்கம்பக்கத்தாருக்கு இரண்டாவதுதான் இடைஞ்சல்.

ஆறு பெருகிய நாட்களில் ஒழுங்கை முழுவதும் தண்ணீர். அத்தான் யாரோ ஒரு மீன்பிடிகாரரின் தோணியை இரவல் வாங்கி, ஆட்களை ஏற்றி, முகாமாக்கியிருந்த பாடசாலைக்குக் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்தார். அக்காவையும் கொண்டுபோய் விட்டார். பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணியை, அக்கா 'ராத்தா' என்று கூப்பிடுகிறவரை, அவருடைய கதிரையோடு தூக்கித் தோணியில் வைத்துக்கொண்டு வந்ததாகக் கேள்வி. அவ்வளவு பேரையும் பத்திரமாக இறக்கிய பிறகுதான், பிரஷர் குளிசைகளை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு வந்தது ராத்தாவுக்கு ஞாபகம் வந்தது. நான் எடுத்துக்கொண்டு வாறன் என்று அத்தான் தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் விழுந்ததை யாரும் காணவில்லை. தோணியை மட்டும் ஆற்றங்கரைப் பற்றைக்குள் கவிழ்ந்தபடி கண்டெடுத்தார்கள்.

இனி, எங்கள் முதற்பக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளம், மண்சரிவு என்று பெரிய அனர்த்தம் வந்தால் நாங்கள் நாளுக்கு நாள் தலைப்பை எழுதிக்கொண்டிருப்பதில்லை. முதல்நாள் எழுதுவதோடு சரி. 'பலி எண்ணிக்கை', பிறகு ஓர் இடைவெளி, பிறகு 'ஆக உயர்வு'. பின்னேரம் அரசாங்கத்திலிருந்து எண் வரும். பக்கம் கட்டுகிறவர் இடைவெளியில் அந்த எண்ணைப் போடுவார். கீழே இரண்டு பெட்டிகள். கறுப்புப் பெட்டியில் பலியானோர், சாம்பல் பெட்டியில் காணாமற்போனோர். நிறத்தைத் தெரிவு செய்தவன் நான்தான். நன்றாக எடுபடுகிறது என்று பாராட்டினார்கள்.

அத்தான் காணாமற்போன நாள் பின்னேரம் சாம்பல் பெட்டியில் எண் கூடியிருந்தது. கூடியவர்களில் ஒருவர் அவர். எனக்குத் தெரிந்து என் குடும்பத்தில் முதற்பக்கத்துக்குப் போன ஒரே ஆள்.

ஹெந்தளைப் பக்கம் கரையில் ஒதுங்கினார். ஆறு கடலில் விழுகிற இடத்துக்கு அப்பால், எதிர்க்கரை. நான்தான் போய் அடையாளம் காட்டினேன். முகத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. சட்டைப் பையில் பொலித்தீன் பையொன்று முடிச்சுப் போட்டபடி இருந்தது. உள்ளே குளிசை அட்டைகள், நனையாமல். அத்தான் தன் வாழ்நாளில் ஒரு குளிசை போட்டதில்லை. அது அவருடைய பெருமைகளில் ஒன்று. ஆக, மனிதர் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போதுதான் விழுந்திருக்கிறார்.

செத்த வீடு பாடசாலைக்குப் பக்கத்து மண்டபமொன்றில் நடந்தது, வீட்டுக்குள் இன்னும் சேறு. காலையில் யாரோ எங்கள் பத்திரிகையைக் கொண்டுவந்து கதிரையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா அதை எடுத்தாள். புருஷன் சாம்பல் பெட்டிக்குள் இருந்த நாட்களில் அவள் வேறெதையும் வாசிக்கவில்லை, அந்த இரண்டு பெட்டிகளைத் தவிர. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, காணாமப்போன ஆக்களில ஒராள் குறைஞ்சிருக்கு."

"ஓம் அக்கா."

"செத்த ஆக்களில ஒராள் கூடேல்லையே. அப்ப இவர் எங்க?"

நான் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கறுப்புப் பெட்டியில் முந்தின நாள் எண் அப்படியே இருந்தது. சாம்பல் பெட்டியில் மட்டும் ஒன்று குறைந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கள் ஆட்கள் ஒரு சின்னத் தலைப்பும் போட்டிருந்தார்கள்: காணாமற்போனோர் தொகையில் வீழ்ச்சி. நல்ல செய்தி மாதிரி. உள்பக்கத்தில், கோழித் திருட்டுக்குக் கீழே, ஹெந்தளையில் ஆண் ஒருவரின் சடலம் மீட்பு என்று மூன்று வரி கிடந்தது.

நாளைக்குத் திருத்துவார்கள் என்றேன். அக்கா இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவர் ஹாபரில நிக்கேக்க ஒரு பெட்டி கப்பலிலயும் இல்லை, கரையிலயும் இல்லை எண்டு வந்தால் ஒருத்தரையும் வீட்ட போக விடாங்கள். தேடி எடுக்கிற வரைக்கும் எல்லாரும் நிக்கோணும். ஆளெண்டால் பரவாயில்லையோ?"

அதற்குள் வெள்ளவத்தைக் கூட்டம் வந்து இறங்கிவிட்டது. சொந்தக்காரரில் ஒருவர், எனக்குச் சித்தப்பா முறை, கலியாணத்துக்கு வராதவர், செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டு, தாழ்ந்த குரல் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிற குரலில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"வெள்ளம் வத்தினாப் பிறகு ஆர் வெள்ளத்தில போறது? தண்ணியில நிண்ட மனுசன், தண்ணியிலயே போயிட்டார்."

பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கினார். அக்காவுக்குக் கேட்டது. மண்டபத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது. அன்றே அந்த வசனம் வெள்ளவத்தை முழுக்கப் போய்விட்டது. ஆற்று வெள்ளத்துக்குக்கூட அந்த வேகம் இருக்கவில்லை. விழுந்ததை யாரும் காணவில்லை என்றால், கண்டதாகச் சொல்கிறவர்களுக்கு வசதி.

சவ அடக்கம் முடிந்த அன்று பின்னேரம் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீதானே உந்த எண் போடுறனி. அவரை வெள்ளத்தில போனவர் எண்டு ஒருக்காப் போடுவிச்சுத் தா. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். பிள்ளையளும் இல்லை. நான் செத்தால் அவரைப்பற்றிக் கதைக்கிறதுக்கு உவையள் மட்டும்தான் இருப்பினம்."

நான் எண்ணை அச்சுக்கு அனுப்புகிறவனே தவிர ஆக்குகிறவன் அல்ல என்று அவளுக்கு விளங்கப்படுத்தப் போனேன். அப்படிச் சொல்வது எனக்கே கேவலமாக இருந்தது. சரி அக்கா என்றேன்.

முதலில் எங்கள் பக்கத்துக் கரை. பிரதேச செயலகத்தில் ஓர் இளைஞர் இருந்தார். நல்ல பிள்ளை, எழுந்து நின்று கதிரை காட்டினார். சிங்களத்தில் மிக மரியாதையாக விளங்கப்படுத்தினார். அவர்களுடைய ஒழுங்குப்படி சடலம் எங்கே கிடைத்ததோ அந்த மாவட்டம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஹெந்தளை, கம்பஹா மாவட்டம். ஆகவே ஐயா பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

தாண்டிப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி. தேத்தண்ணி வரவழைத்துத் தந்தார். அவர்களுடைய ஒழுங்குப்படி இறந்தவரின் நிரந்தர வதிவிடம் எங்கேயோ அங்கேதான் சேர்த்துக்கொள்ள வேண்டும். மட்டக்குளி, கொழும்பு மாவட்டம். ஆகவே ஐயா பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும்.

நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டேன். ஹெந்தளைக்காரர் ஒருவர் ஆற்றில் விழுந்து மட்டக்குளியில் ஒதுங்கினால்? அவர் உண்மையாகவே யோசித்தார். பேனையால் மேசையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அப்படியென்றால் நாங்களும் சேர்ப்போம், அவர்களும் சேர்ப்பார்கள் என்றார். அப்படி நடந்திருக்கிறதா என்று கேட்டேன். நடந்திருக்கவும் கூடும் என்றார். ஆக, இந்த நாட்டில் எங்கோ ஒரு புண்ணியவான் இரண்டு தரம் இறந்து, இரண்டு தரமும் முதற்பக்கத்துக்கு வந்திருக்கிறார். என் அத்தான் ஆற்றின் பிழையான கரையில் குடியிருந்துவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். விடவில்லை. இரண்டு கரைக்கும் மேலே எல்லா எண்களும் வந்து சேருகிற அலுவலகம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. பத்திரிகைக்காரன் என்பதால் உள்ளே விட்டார்கள். பெரிய அதிகாரி இரண்டு கரையின் கதையையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அது கிடக்கட்டும், எந்தக் கரையாக இருந்தாலும் இதைச் சேர்க்க முடியாது என்றார். ஏன்? அன்று காலையிலேயே ஆற்றின் நீர்மட்டம் வெள்ள அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. எச்சரிக்கையும் நீக்கியாயிற்று. உங்கள் உறவினர் போனது மத்தியானத்துக்குப் பிறகு. அந்த நேரத்தில் வெள்ளம் இருக்கவில்லை.

ஒழுங்கையில் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்றதே என்றேன்.

அது தேங்கிய நீர் என்றார்.

குளிசை அட்டைகளைப் பற்றிச் சொன்னேன். யாருக்காகப் போனார் என்று சொன்னேன். ராத்தா வந்து சாட்சி சொல்லத் தயார் என்றேன். அந்த வயதில் யார் பையிலும் குளிசை இருக்கும் என்றார் அவர். பிறகு என்னைத் தேற்றுகிற மாதிரி, சுவரிலிருந்த பெரிய திரையைக் காட்டினார். மீட்கப்பட்டோர் என்று ஒரு தொகை அதில் மின்னியது. மட்டக்குளிப் பாடசாலையில் இருந்த எல்லோரும் அந்தத் தொகைக்குள் இருக்கிறார்கள், ஒருவரையும் விடவில்லை என்றார் பெருமையாக.

அத்தான் தோணியில் ஏற்றிக்கொண்டு போன அத்தனை பேரும் அரசாங்கத்தால் மீட்கப்பட்டுவிட்டார்கள். அக்காகூட. ராத்தாகூட. கதிரையைச் சேர்த்தார்களோ தெரியாது.

எனக்குக் கோபம் வந்தால் அது பார்க்கச் சகிக்காது. கண்ணாடியில் நீராவி படியும். சிங்களம் மறந்துபோகும். தமிழில் தொடங்கி, அவருக்கு விளங்காது என்று ஆங்கிலத்துக்கு மாறி, அங்கே ஏச்சு வார்த்தை கைவசம் இல்லாததால், கடைசியில் 'சேர், இது சரியில்லை சேர்' என்று முடித்தேன். வாழ்நாள் முழுவதும் வாசித்த புத்தகங்களெல்லாம் அந்த நேரத்தில் ஒரு வசனம் கடன் தரவில்லை. அவர் எழுந்து கை கொடுத்தார். நானும் கொடுத்துவிட்டு வந்தேன். கொடுத்த கையைப் பஸ்ஸில் வரும்போது பார்த்துக்கொண்டே வந்தேன்.

அலுவலகத்துக்குப் போய் ஆசிரியரைப் பிடித்தேன். எண்ணை மாற்ற வேண்டாம், எண்ணுக்கு முன்னால், இதற்குக் குறையாது என்ற அர்த்தத்தில், 'குறைந்தது' என்று ஒரு சொல்லைப் போடுவோம் என்றேன். அவர் கெட்ட மனிதரல்ல. செத்த வீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றவர். ஆனாலும் மறுத்துவிட்டார். மற்றப் பத்திரிகைகளெல்லாம் நேரான எண்ணைப் போட, நாங்கள் மட்டும் சந்தேகத்தோடு போட்டால் எங்களிடம்தான் பிழை என்று வாசகர் நினைப்பார்கள் என்றார். அரசாங்கம் சொன்னால் தகவல், நாங்கள் சொன்னால் வதந்தி, உமக்குத் தெரியாததா என்றார். தெரிந்ததுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

நான் அன்றும் 'குறைந்தது' என்று போட்டேன். அவர் வெட்டினார். மறுநாளும் போட்டேன். வெட்டினார். மூன்றாம் நாள் பக்கம் கட்டுகிறவரே எங்களைப் பார்க்காமல் வெட்டிவிட்டார்.

இதற்கிடையில் கோயில்காரரின் ஏற்பாடு ஒன்று வந்தது. கொட்டாஞ்சேனையில் அத்தானுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலில், வெள்ளத்தில் இறந்த எல்லோருக்குமாக ஒரு பின்னேரப் பூசை. இறந்த ஒருவருக்கு ஒரு மெழுகுவர்த்தி என்ற கணக்கில் ஏற்றுவார்கள். இதற்கென்றே இரும்பில் ஒரு பெரிய தாங்கி செய்வித்திருந்தார்கள், படிப்படியாக, ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் ஒரு குழியோடு. அத்தானின் முப்பத்தோராம் நாளும் அதை அண்டித்தான் வந்தது. அக்காவுக்கு முகம் கொஞ்சம் தெளிந்தது. அரசாங்கம் போடாவிட்டால் போகட்டும், கோயிலில் அவருக்கு ஒரு திரி எரிந்தால் பிறகு ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள் என்றாள்.

கோயில் கமிட்டித் தலைவரைப் போய்ப் பார்த்தேன். அத்தானோடு ஒன்றாகப் படித்தவர். செத்த வீட்டில் அழுதவர். அவருக்கே சங்கடமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து விரித்துக் காட்டினார். எங்கள் முதற்பக்கம். கறுப்புப் பெட்டி.

"இந்த நம்பருக்குத்தான் தம்பி தாங்கி செஞ்சோம். உங்க பேப்பர்தானே."

"அந்த எண் பிழை. போட்டவனே சொல்றன்."

"நீங்க சொல்லுவீங்க. ஆனா பேப்பர்ல இப்பிடித்தானே இருக்கு?" அவர் துண்டைப் பழையபடி மடித்தார். "ஒண்ணு கூட வச்சா நாளைக்கு இன்னொருத்தர் வருவாரு. அவருக்கும் வைக்கணும். அப்புறம் எங்கதான் நிப்பாட்டுறது, சொல்லுங்க?"

"செத்த ஆக்கள் முடியிற இடத்தில."

அவர் துண்டைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். என் எண்ணே என் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. யாரோடு சண்டை பிடிப்பது?

அக்காவிடம் உள்ளபடியே சொன்னேன். போகாமல் விடுவாள் என்று நினைத்தேன். வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு, ராத்தாவையும் கூட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். ராத்தா கோயில் கதவுக்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்று ஒரு நிலையில் நின்றார். கடைசியில் உள்ளேதான் வந்தார்.

பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய் ஏற்றினார்கள். உறவினர் வர முடியாத தூரத்துக்காரருக்குக் கோயில் பிள்ளைகள் ஏற்றினார்கள். முடிந்ததும் பார்த்தால், நடுவில் ஒரு மெழுகுவர்த்தி எரியாமல் நிற்கிறது. அது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர் தெரியாத ஆளாக இருக்கலாம். கூப்பிட்டது காதில் விழாத குடும்பமாக இருக்கலாம். எங்கோ இரண்டு தரம் இறந்தாரே, அவருடைய இரண்டாவது மெழுகுவர்த்தியாகவும் இருக்கலாம். கமிட்டித் தலைவரின் முகத்தில் ஒரு வெளிச்சம். நேரே அக்காவிடம் வந்தார்.

"அக்கா, இது சும்மாதான் நிக்குது. நீங்க வந்து ஏத்துங்க. கணக்கும் சரியா வரும்."

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நானும் மனதுக்குள் அப்பாடா என்றேன். அக்கா அந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

"அது ஆரோ ஒருத்தருடையது. அவரைக் கழிச்சுப்போட்டு எங்கட ஆளை வைக்கிறதோ? எங்களுக்குச் செய்த வேலையை நாங்கள் இன்னொருத்தருக்குச் செய்யேலாது."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அப்படியும் முன்வரிசை வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, வெளியில போய் ஒண்டு வாங்கிக்கொண்டு வா."

கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிற பெண் தனியாக ஒன்று தரமாட்டேன் என்றாள். பெட்டியாகத்தான் விற்பாளாம். பேரம் பேச நேரமில்லை. பெட்டியோடு திரும்பி வந்தேன்.

அதற்குள் அக்கா அந்த எரியாத மெழுகுவர்த்தியை ஏற்றியிருந்தாள். யாருக்கென்று தெரியாமலே கும்பிட்டாள். பிறகு என் கையிலிருந்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தாள். தாங்கியில் குழி இல்லை. கீழே தரையில், மெழுகை உருக்கி ஊற்றி, அதன்மேல் நிறுத்தினாள். காற்றுக்கு அணையாமல் ராத்தா பக்கத்தில் குந்தியிருந்து கையால் மறைத்துப் பிடித்தார். அத்தான் எரிந்தார். பார்க்க ஒரு விசேஷமும் இல்லை, ஒரு சின்ன மெழுகுவர்த்திதான். எனக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

மிச்சப் பெட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பெண் வந்தாள். நடுத்தர வயது, மட்டக்குளிப் பக்கம்தான். ஒன்று எடுக்கலாமா என்று கேட்டாள். அவளுடைய மகன் வெள்ளத்துக்குப் பிறகு வீட்டைக் கழுவப் போய் எலிக்காய்ச்சலில் செத்தானாம். அது காய்ச்சல்தானே, வெள்ளமில்லையே என்று சொல்லிவிட்டார்களாம். நான் பெட்டியை நீட்டினேன். அவளுக்குப் பின்னால் ஒருவர் வந்தார். அவருடைய தகப்பனுக்குச் சிறுநீரக நோய், இரத்தம் சுத்திகரிக்க வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ரோட்டில் தண்ணீர் நின்றதால் கொண்டுபோக முடியவில்லை. அது நோயாம், வெள்ளமில்லையாம். பிறகு ஓர் இளைஞன் வந்து ஒன்றை எடுத்தான். யாருக்கென்று நான் கேட்கவில்லை. பெட்டி காலியானது. வாசலுக்கு ஒருவர் ஓடிப்போய் இன்னொரு பெட்டி வாங்கி வந்தார். அத்தானைச் சுற்றித் தரையில் கூட்டமாகிவிட்டது.

கமிட்டித் தலைவர் இரும்புத் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குனிந்து, சாய்ந்து நின்ற ஒரு மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தார்.

மறுநாள் பின்னேரம் எங்கள் கொட்டாஞ்சேனை நிருபரின் செய்தி மேசைக்கு வந்தது. வெள்ளத்தில் பலியான இத்தனை பேரின் நினைவாக இத்தனை மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன என்று எழுதியிருந்தார். கறுப்புப் பெட்டியின் எண், இரண்டு இடத்திலும். அவர் கோயிலுக்கு வந்திருந்தார், எனக்குத் தெரியும். தாங்கியைப் படம் எடுத்துக்கொண்டு பூசை தொடங்குமுன் போய்விட்டார்.

செய்தி மேசையில் இருக்கிறவனுக்கு ஒன்றைச் சேர்க்க அதிகாரமில்லை, ஆசிரியரைக் கேட்க வேண்டும். வெட்டுவதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை. இரண்டு எண்களையும் வெட்டினேன். 'பலியான' என்பதை வெட்டி 'இறந்தவர்கள்' என்று திருத்தினேன். வெள்ளத்தில் இறந்தவர்களின் நினைவாக மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்டன என்று மிஞ்சியது. அப்படியே போனது.

காலையில் அக்கா தொலைபேசி எடுத்தாள்.

"வாசிச்சன். எண்ணைக் காணேல்லை."

"வெட்டிப்போட்டன்."

"நல்லது. இப்ப அவரும் அதுக்குள்ள நிப்பார்."

பத்திரிகையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"முன்பக்கத்தில அந்தப் பெட்டி இன்னும் நிக்குது. அதை என்ன செய்யப்போறாய்?" என்றாள்.